பாதி வடை

கோவில்பட்டி தாண்டியும் நாய் குரைக்கவில்லை. மதுரையில் காலை ஏழரைக்குக் காரை எடுத்ததிலிருந்து சிவசைலம் இதைத்தான் கவனித்துக்கொண்டு வந்தார். பாதிக் கண் சாலையில், பாதிக் கண் கண்ணாடியில். கண்ணாடியில் அந்தச் செவலை முகம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடங்கி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அப்படியே இருந்தது. திருமங்கலம் தாண்டி ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. குரைக்கவில்லை. சாத்தூர்ப் பக்கம் ஒரு தெருநாய் காரோடு கூடவே ஓடிவந்து வாய்க்கு வந்தபடி வைதுவிட்டுப் போனது. அதற்கும் பதில் இல்லை. மூன்று மாதமாக இப்படித்தான். ஆடி அமாவாசைக்குப் பிறகு அது ஒரு தடவைகூடக் குரைத்ததில்லை. தபால்காரரும் சிலிண்டர் போடுகிறவரும், "என்ன சார், நாய்க்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாகிவிட்டது. உடம்புக்கு என்ன கேடு? தின்கிறது, தூங்குகிறது, அவர் முகத்தைப் பார்க்கிறது. அந்தப் பார்வைதான் ஆகவில்லை. நேற்று கைலாசம் போனில் கேட்டான். கைலாசம் அவர் மனைவி வடிவின் தம்பி, சீவலப்பேரிப் பக்கம் வாழை போட்டிருக்கிறான், அவன் தோட்டத்தில் விடத்தான் நாயைக் கொண்டுபோவது. "நல்லாக் குரைக்குமா அத்தான்? பன்னி வந்து வாழையப் பூரா நாசம் பண்ணுது." "அது குரைச்சா ஊரே எந்திரிக்கும்," என்றார் சிவசைலம், கூசாமல். முதல் பொய்தான் தொண்டையில் முள்ளாகச் சிக்கும். அப்புறம் வருவதெல்லாம் விளக்கெண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அறுபத்து மூன்று வயதில் இதைக் கற்றுக்கொண்டார். வருவாய்த்துறையில் முப்பத்து நாலு வருஷம் அடுத்தவன் பொய்யை எழுதி வாங்கியவர்.

அந்த உத்தியோகத்தால் வந்ததுதான் நாயின் பெயர். தாசில்தார். துணைத் தாசில்தாராகவே இருந்து துணைத் தாசில்தாராகவே ஓய்வு பெற்றார். பட்டியலில் இவர் பெயர் மேலே வரும்போதெல்லாம் ஒரு வழக்கோ ஒரு தேர்தலோ வந்து தொலையும். வெண்ணெய் திரண்டு வரும்போதெல்லாம் தாழி உடைந்தது. ஓய்வு பெற்ற மறு வாரம், மழையில் நனைந்து கேட்டுக்குள் வந்து நின்ற குட்டியை வடிவு தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனையெல்லாம் அது முறைப்பதைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக்கும் ஒரு தாசில்தாரு இருக்கட்டுமே," என்றாள். மகள் சுபத்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அதை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டார். "தாசில்தாரு சாப்பிட்டாச்சா, தாசில்தாரு குளிச்சாச்சா," என்று வடிவு வேண்டுமென்றே சத்தமாகக் கேட்பாள், இவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அதெல்லாம் சண்டை இல்லை, அது ஒரு பழக்கம், முப்பத்தைந்து வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்களின் விளையாட்டு. இப்போது அதற்கு ஆள் இல்லை. அடுத்த வாரம் புனேயில் சுபத்ராவின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பதினோராவது மாடி, நாய் கூடாது என்று அங்கே சட்டம். "கைலாசம் மாமா நல்லாப் பாத்துக்குவாருப்பா. அது குரைச்சதாலதான அம்மாவ உசுரோட ஒரு தடவ பாக்க முடிஞ்சுது," என்று அவள் போனில் அழுதாள். இவர், "ஆமாம்மா," என்றார். சட்டம் எவ்வளவு வசதியான இடத்தில் வந்து நின்றது என்று அப்போது ஒரு நிம்மதிகூட வந்தது.

முன் இருக்கை காலியாக இருந்தது. அதில் அவர் எதையும் வைக்கவில்லை. தண்ணீர் பாட்டில், பிஸ்கட், சங்கிலி எல்லாம் கீழே கால் வைக்கிற இடத்தில் உருண்டுகொண்டிருந்தன. வடிவு உட்கார்ந்தால் ஒரு கையால் மேலே பிடியைப் பிடித்துக்கொள்வாள், லாரி எதிரே வந்தால் வலது காலை ஓங்கி அழுத்துவாள், தன் பக்கமும் ஒரு பிரேக் இருப்பதாக அவளுக்கு நினைப்பு. அந்த இடத்தில் தரைவிரிப்பு தேய்ந்து வெளுத்திருக்கிறது. நாய்க்குப் பின்சீட்டில் அவளுடைய பழைய சுங்கடிச் சேலையை விரித்திருந்தார். ஜன்னல் காற்றில் அதிலிருந்து மஞ்சளும் நாய் வாடையும் கலந்து வந்துகொண்டே இருந்தது. வானம் ஈயப் பாத்திரம்போல் மங்கிக் கிடந்தது, ஐப்பசி மழை எங்கேயோ பெய்துகொண்டிருக்க வேண்டும். தூரத்தில் காற்றாலைகள் தென்பட்டன. ஒன்று சுற்றியது, ஒன்று சும்மா நின்றது. எண்ணத் தொடங்கினார். பதினேழு வரை எண்ணினார். எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால் அந்தப் படிக்கட்டு வராது. மொட்டைமாடிக்குப் போகும் படிகூடப் பதினேழுதான். போச்சு. எங்கே சுற்றியும் ரங்கனைச் சேவி என்கிற மாதிரி, எதைத் தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கிறது.

அமாவாசை என்றால் அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. காலையில் அவர் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வருவார், பச்சைத்தண்ணீர் பல்லில் படாது. வடிவு வெங்காயம் சேர்க்காமல் வாழைக்காயும் பூசணியும் சமைத்து, வடை சுட்டு, பருப்பும் நெய்யும் விட்ட சோற்றைப் பாத்திரத்தோடும் இலைத்துண்டோடும் மொட்டைமாடிக்கு எடுத்துப் போவாள். காக்கை வந்து எடுத்த பிறகுதான் மனிதருக்கு இலை. நாய்க்குக் காக்கையைக் கண்டால் ஆகாது, மேலே ஏறிவந்து குரைத்து ஒன்றையும் உட்காரவிடாது. அதனால் அமாவாசையன்று அதைப் பின்கட்டில் துவைக்கிற கல்லோடு கட்டிப்போட வேண்டும், அது அவர் வேலை. அந்த ஆடி அமாவாசையன்று மறந்துவிட்டார். வடிவு மேலே போய், நாய் வரக்கூடாது என்று மாடிக் கதவை வெளிப்பக்கம் சாத்திக்கொண்டாள். கா, கா என்று அவள் கூப்பிடுவது இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது தடவை கேட்டதா? இங்கேதான் நூல் சிக்குகிறது. மூன்றாவது தடவை அவள் கூப்பிடவே இல்லையா, கூப்பிட்டும் இவர் காதில் விழவில்லையா, எத்தனை முறை பிரித்தாலும் இந்த முடிச்சு அவிழவில்லை. பிறகு நாய் குரைத்தது. பதினேழு படியும் ஏறிப்போய்க் கதவைப் பிராண்டிக்கொண்டு, அதுவரை குரைக்காத ஒரு குரலில் குரைத்தது. அதுவரை குரைக்காத குரல் என்று இப்போது தெரிகிறது. அப்போது கேட்டது பசியின் காது. "சனியனே, காக்காயப் பாத்தாச்சா?" என்று பேப்பரைச் சுருட்டிக்கொண்டு படியேறினார், முதுகில் நாலு போட்டார், கழுத்தைப் பிடித்து இழுத்தார். அது நகரமாட்டேன் என்று நகத்தைப் படியில் ஊன்றியது. கதவுக்கு இந்தப் பக்கம் அவர் நின்றார். அந்தப் பக்கம் அவள் கிடந்தாள். கதவைத் திறந்தால் நாய் மாடிக்குப் பாய்ந்துவிடும், காக்கை கலைந்துவிடும், அப்பாவும் தாத்தாவும் பசியோடு திரும்பிப் போய்விடுவார்கள், சாப்பாடு ஒரு மணிக்குமேல் ஆகிவிடும். அதனால் திறக்கவில்லை. இதில் எந்த இடத்தில் அவர் கெட்டவர்? யாராவது சொல்லட்டும். தினமும் கேட்டுப் பார்க்கிறார், தினமும் எல்லா இடத்திலும்தான் என்று பதில் வருகிறது.

நாயைப் பின்கட்டில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தார். காக்கைகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, கூட்டம் கூட்டமாக மாடியில் இறங்கின, ஒரே இரைச்சல். போன இரண்டு அமாவாசையும் ஒரு காக்கைக்காக நாக்கு வறளக் காத்திருந்ததுபோக, இன்றைக்கு ஊர்ப்பட்ட முன்னோரும் வந்து இறங்கிவிட்டார்களே என்று சந்தோஷமாக இருந்தது. கைகூப்பிக் கும்பிட்டார். இலையில் வைத்தது அத்தனை காக்கைக்குக் காணாதே, சோறு பாத்திரத்தோடு தரையில் கொட்டினால் அல்லவா இத்தனை வரும் என்று ஒரு துணைத் தாசில்தாருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. காக்கை எடுத்துவிட்டது, இனி நாம் தொடலாம் என்றுதான் தோன்றியது. அடுப்படிக்குப் போனார். வடை மூடிவைத்திருந்தது, சூடாக, மிளகு வாசனையோடு. பின்கட்டில் நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு போகிறதுபோல் கத்தியது. வடிவு பக்கத்து மாடி டீச்சரோடு பேச ஆரம்பித்திருப்பாள், அவளுக்குப் பேச்சு கிடைத்தால் போதும் என்று நினைத்தார். கோபம்கூட வந்தது. வடையைத் தின்றார். அங்கே நிறுத்து, என்று சிவசைலம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினார், பழைய மாருதி முக்கிமுனகி எழுபதைத் தொட்டது. மணி பன்னிரண்டு ஐந்துக்கு நாயைக் கட்டினார். படியேறிக் கதவைத் தள்ளியபோது பன்னிரண்டு ஐம்பது. தள்ளியதும் காக்கைகள் எழும்பின, கறுப்பாக ஒரு போர்வையை உதறியதுபோல். அவளுக்கு மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. கண் கதவைப் பார்த்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்ப விழுந்தாங்க?" என்றபோது, "இப்பத்தான் சார். நாய் குரைச்சுது, உடனே ஓடினேன்," என்று வாய் சொல்லிவிட்டது. அவர் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. கைலாசம் வந்தபோது அதற்கு ஒரு கையும் காலும் முளைத்தது. "கையில டம்ளர் இருந்துச்சு கைலாசம், அப்படியே போட்டுட்டு ஓடினேன்." எந்த டம்ளர்? வாக்குமூலம் வாங்குகையில் சிவசைலம் இதைத்தான் பிடிப்பார். கேட்காத விவரத்தை எவன் தானாகச் சொல்கிறானோ அவன் பொய் சொல்கிறான். 'சம்பவத்தன்று கையில் மண்வெட்டி வைத்திருந்தேன், அது புதிய மண்வெட்டி' என்பான் ஒருவன், அங்கேயே மாட்டிக்கொள்வான். இவரை யாரும் பிடிக்கவில்லை. மறுநாள் விடிகாலை வடிவு போனாள், சுபத்ரா வந்து அரைமணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பிறகு. பதினாறு நாளும் வந்தவர்கள் எல்லாம் நாயின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். மனுசனுக்கு இல்லாத நன்றி பாரு, என்றார்கள். கைலாசம் அதைக் கட்டிக்கொண்டு அழுதான். நாய் அப்போதும் குரைக்காமல், கூட்டத்துக்கு நடுவில் இவரை மட்டும் பார்த்தது. குரைத்தால் அடிவிழும், கட்டிப்போடுவார்கள் என்று கற்றுக்கொண்டுவிட்டதோ? அல்லது சொல்லியும் கேட்காதவனிடம் இனி என்ன பேச்சு என்று விட்டுவிட்டதோ? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பாவது, அது எலி மாதிரி கடித்தது. அதனால்தான் இந்தப் பயணம். காவலுக்கு, புனேக்கு, சட்டத்துக்கு என்பதெல்லாம் ஊருக்கு. சாட்சியைக் கொண்டுபோய்த் தூரத்தில் விட வேண்டும், அவ்வளவுதான்.

கயத்தாறு வருவதற்குள் கண் எரிந்தது. சாலையோரம் வேப்பமரத்தடியில் ஒரு டீக்கடை தென்பட, நிறுத்தினார். நாயை இறக்கிச் சங்கிலியைக் கடைக்குப் பின்னால் ஒரு கல்தூணில் மாட்டினார், போகிற வருகிற லாரிக்கு எட்டாத இடம். டீ ஆற்றிய ஆள், "கடிக்குமா அண்ணாச்சி?" என்றான். "குரைக்கக்கூடச் செய்யாது." "பேரு?" சிவசைலம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "தாசில்தாரு," என்றார். அவன் சிரித்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டு போய், "ஐயா, மனு ஒண்ணு இருக்கு," என்று அதன்முன் போட்டுவிட்டு வந்தான். வடிவு இருந்தால் அவனோடு ஊர் பேரெல்லாம் கேட்டுச் சொந்தம் கொண்டாடியிருப்பாள். அது திங்காதே, என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. வடை என்றால் உயிரை விடும் நாய், மூன்று மாதமாக வடையைத் தொடுவதில்லை. அன்றைக்கு அவர் தின்றது ஒன்றரை வடை. அதன் கத்தல் பொறுக்காமல் பின்கட்டுக் கதவைத் திறந்து, மீதிப் பாதியை அதன்முன் எறிந்து, "தின்னுட்டுச் சும்மா கெட," என்றார். அது வடையைப் பார்க்கவே இல்லை. மாடியைப் பார்த்துக்கொண்டு கத்தியது. பதினாறு முடிந்து துவைக்கிற கல்லடியில் கழுவிவிடப் போனபோது அந்தப் பாதி வடை அங்கேயே கிடந்தது, கல்லாகக் காய்ந்து, எறும்பு மொய்த்து. பசித்த நாய் திங்காத வடையைத்தான் அவர் தின்றிருக்கிறார். இதை யாரிடம் சொல்ல முடியும்? முக்கால் மணி நேரத்தைக்கூட ஒருநாள் சொல்லிவிடலாம். வடையை எப்படிச் சொல்வது? கையில் டீ ஆடையிட்டு ஆறிக்கொண்டிருந்தது. அப்போது கடைக்குப் பின்னாலிருந்து நாய் குரைத்தது.

மூன்று மாதம் பூட்டிக் கிடந்த குரல், துருப்பிடித்த கேட்டைத் திறந்ததுபோல் முதலில் கரகரத்து, பிறகு தெளிந்து, விடாமல் குரைத்தது. டீக்கடைக்காரன் பால் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல், "காக்காயப் பாத்துக் குரைக்கு அண்ணாச்சி, நீங்க டீயக் குடிங்க," என்றான். சிவசைலம் ஓடினார். கையிலிருந்த கண்ணாடி டம்ளர் கீழே விழுந்து உடைந்ததுகூட அவருக்குத் தெரியாது. ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது, வேட்டி காலில் தட்டியது. வாரேன், வாரேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு கடையைச் சுற்றி ஓடினார். பின்னால் ஒரு காக்கை நின்றது. ஒரே ஒரு காக்கை, வடையைக் கவ்விக்கொண்டு வேலிமேல் ஏறி உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. வேறு ஒன்றும் இல்லை. கருவேல மரமும் நாலு பிளாஸ்டிக் பையும் தவிர அந்தப் பொட்டலில் ஒரு உயிர் இல்லை. நாய் இவரைப் பார்த்ததும் குரைப்பதை நிறுத்திவிட்டு வாலை ஆட்டியது. காக்காதான், என்று சிவசைலம் சொன்னார். அப்படியே தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தில் முகத்தை வைத்து அழுதார். வடிவு போன அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. ஓடிவர எவ்வளவு நேரம் ஆகியது? பத்து விநாடி ஆகியிருக்குமா? இவ்வளவுதானே, இவ்வளவுதானே, என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். தாசில்தார் அவர் காதை நக்கியது.

போன் அடித்தது. கைலாசம்.

"அத்தான், எங்க வந்துக்கிட்டிருக்கிய? மழ வருமோன்னு கெடக்கு. சாப்பாடு இங்கதான், வெளிய ஒண்ணும் தின்னுராதிய. தாசில்தாரு எப்படி வாராரு?"

"இப்பக் குரைச்சுது கைலாசம்."

"குரைக்கத்தான செய்யும்?"

"அன்னைக்கும் குரைச்சுது. நான் ஓடல."

"என்ன சொல்லுதிய?"

"காக்காயப் பாத்துக் குரைக்குதுன்னு நெனச்சேன். அடிச்சு இழுத்துட்டுப் போய்ப் பின்னால கட்டிப்போட்டுட்டேன். உங்க அக்கா மேல கெடந்தா. கதவத் திறக்கல."

போனுக்குள் பம்புசெட் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி."

"அம்புட்டு நேரம் நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்திய?"

பேப்பர் படித்தேன் என்று சொல்லலாம். காத்திருந்தேன் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

"வடை தின்னேன்," என்றார் சிவசைலம். "ஒன்றரை வடை. மீதிப் பாதியை இதுக்குப் போட்டேன். இது திங்கல."

வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு கைலாசத்தின் குரல் வந்தது. "நாயக் கொண்டாந்து விட்டுட்டுப் போங்க." அத்தான் என்ற சொல் அதில் இல்லை. சாப்பாட்டைப் பற்றியும் ஒன்றும் இல்லை.

உடைந்த டம்ளருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, முன்கதவைத் திறந்துவிட்டார். நாய் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறி வடிவின் இடத்தில் உட்கார்ந்தது. காலையில் சாட்சியைத் தொலைக்கப் புறப்பட்ட மனுசன். சொல்லியாகிவிட்டது, இனி தொலைக்க ஒன்றும் இல்லை, இப்போது இதைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், புனேயும் வேண்டாம், பதினோராவது மாடியும் வேண்டாம், மதுரைக்கே திரும்பிவிடலாம் என்று மனசு கெஞ்சியது. ஆனால் கேட்கிற உரிமை உள்ளவன் கேட்டுவிட்டான். முப்பது கிலோமீட்டர்தான் இருந்தது. நாய் வாய் திறந்துகொண்டது, மாட்டைப் பார்த்துக் குரைத்தது, மைல்கல்லைப் பார்த்துக் குரைத்தது, குடை பிடித்துப் போன ஒரு பெண்ணைப் பார்த்துக் குரைத்தது. ஒவ்வொரு குரைப்புக்கும் சிவசைலம் காரை ஓரம் கட்டி நிறுத்தி, இறங்கி, சுற்றிலும் பார்த்துவிட்டு ஏறினார். எங்கேயும் ஒன்றும் இல்லை. பார்க்காமல் மட்டும் போக முடியவில்லை. மழை தூறத் தொடங்கி நின்றும்விட்டது. முப்பது கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரம் ஆயிற்று.

கைலாசம் தோட்டத்து வாசலில் நின்றிருந்தான். அழுதிருந்தான், முகத்தைக் கழுவியிருந்தான். கையை நீட்டினான். சிவசைலம் சங்கிலியையும் சுங்கடிச் சேலையையும் கொடுத்தார். "வெயில்ல கட்டாத," என்றார். அவன் நாயைக் கூட்டிக்கொண்டு போய்த் தென்னையில் கட்டினான். சிவசைலம் காருக்குத் திரும்பிக் கதவில் கைவைத்தபோது பின்னால் நாய் குரைத்தது, அன்றைக்கு மாடிப்படியில் குரைத்த அதே குரலில். அவர் நின்றார். திரும்பி இரண்டு அடி நடந்தார்.

"நீங்க போங்க," என்றான் கைலாசம். "அது காக்காயப் பாத்துக் குரைக்கு."

சிவசைலம் அண்ணாந்து பார்த்தார். ஒரு காக்கைகூட இல்லை.